டிவியில் காட்டாத காட்சிகள்

"நீங்களே சொல்லுங்க பாட்டுக்காரரே! நேத்து அவ பண்ணினது சரியா, தப்பா?"

ஆபீஸ் சாப்பாட்டு மேசையில், கணக்குப் பிரிவைப் பார்க்கும் கணக்கு அக்கா இப்படிக் கேட்டபோது பாட்டுக்காரரின் வாய் நிறைய ரொட்டி இருந்தது. எவள், என்ன பண்ணினாள் என்று அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. மென்று விழுங்கிவிட்டு, "யாரைப் பத்திம்மா பேசறீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

"தப்புதான்," என்றார்.

"பார்த்தீங்களா! பார்த்தீங்களா!" மெக்கானிக் அண்ணன் மேசையைத் தட்டினார். "விஷயம் தெரிஞ்ச மனுஷர் சொல்றாரு, கேட்டுக்கங்க!"

"அட, நீங்களும் 'பதினோராம் மாடி' பார்க்கிறீங்களா சார்?" ரிசப்ஷன் பெண் தன் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

நாற்காலி தன் பக்கம் திரும்புகிற அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை காலம் ஆகிவிட்டது! பாட்டுக்காரருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அது லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனம். ஊரில் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் மக்கர் பண்ணினாலும் முதல் போன் வந்து சேரும் இடம் பாட்டுக்காரரின் மேசை. புகார்ப் பிரிவின் மேற்பார்வையாளர் அவர். பாட்டுக்காரர் என்பது ஆபீஸ் வைத்த பெயர். மனிதர் ஒரு வரிகூடப் பாடியவரில்லை. ஆனால் எந்தப் பாட்டை யார் பாடினார், எந்த இடத்தில் வயலின் கொஞ்சம் பிசிறடிக்கும், ரெண்டாவது சரணத்துக்கு முன்னால் இருமியது யார் என்பதெல்லாம் விரல் நுனியில். மதியச் சாப்பாட்டு வேளையில் அவரைச் சுற்றித்தான் கூட்டம். புதுப் பாட்டா பழைய பாட்டா என்று சண்டை மூளும். அவர் தீர்ப்புச் சொன்னால்தான் டிபன் டப்பாக்களை மூடுவார்கள்.

அப்படி இருந்த ராஜ்ஜியத்தில்தான் 'பதினோராம் மாடி' வந்து நுழைந்தது. ஒரு அடுக்குமாடிக் குடும்பத்தின் கதை. தினமும் மாலையில் ஒளிபரப்பு. அன்றிலிருந்து பாட்டைப் பற்றிக் கேட்க நாதியில்லை. மெக்கானிக் அண்ணன்கூட, "அந்த வீட்டு லிஃப்ட் கதவு திறக்கிற சத்தத்தைத் தப்பாப் போட்டிருக்கான்யா" என்று குறை சொல்வதற்காகவே உட்கார்ந்து பார்த்தார். அப்புறம் அவரே அதற்கு அடிமையாகிவிட்டார். பாட்டுக்காரர் மூலையில் உட்கார்ந்து, தன் ரொட்டியைத் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது நாற்காலிகள் திரும்பிவிட்டன. மறுபடி மூலைக்குப் போக அவருக்கு மனசில்லை.

"அப்ப நீங்க மூத்த மருமக கட்சியா, அவ புருஷன் கட்சியா?" என்றாள் கணக்கு அக்கா.

"நாளைக்குச் சொல்றேன். நேத்து பாதிதான் பார்த்தேன்," என்று எழுந்து கைகழுவப் போனார்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல ஹெட்போனை எடுத்தார். போனில் அவருக்கு ஒரு ரசிகர் குழு உண்டு. ஒரு பல் டாக்டரும் அவரும் ரெண்டு பாடகர்களை முன்வைத்து அதில் வருஷக்கணக்காக மோதிக்கொண்டிருந்தார்கள். காதில் மாட்டப் போனவர், சட்டென்று நிறுத்திவிட்டு மனைவியைத் தேடிப் போனார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, அந்தப் 'பதினோராம் மாடி' கதை உனக்குத் தெரியுமா?"

"எதுக்கு?"

"ஆபீஸ்ல அதே பேச்சா இருக்கு. என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொல்றாங்க. நீ தினம் கொஞ்சம் கதை சொன்னா என் மானம் தப்பும்."

மனைவி மடித்த சட்டையைப் பிரித்தாள். திரும்பவும் மடித்தாள்.

"நான் கதை சொன்னா உட்கார்ந்து கேப்பீங்களா?"

"கேக்காம?"

"காதுல அது இருக்கக் கூடாது."

"இதோ வச்சுட்டேன்."

"நடுவுல போனைப் பார்க்கக் கூடாது."

"பார்க்கலை. சொல்லும்மா சீக்கிரம்."

அவள் துணிகளை ஒதுக்கிவிட்டு அவருக்கு எதிரே வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.

"ஒருத்தி இருக்கா. வேலைக்குப் போறவ. வருஷக்கணக்கா மாடா உழைச்சதுக்கு, ஒருநாள் அவளைக் கூப்பிட்டு, இனிமே இந்தப் பிரிவுக்கே நீதான் தலைவின்னுட்டாங்க. அவளுக்குத் தரையில கால் நிக்கலை. ஓட்டமா வீட்டுக்கு வந்து புருஷன்கிட்ட சொல்றா. அவன் முழுக்கக் கேட்டான்."

"கேட்டுட்டு?"

"'சார்ஜரை எங்க வச்சே?'ன்னான்."

பாட்டுக்காரர் துள்ளி எழுந்தார். "அடப்பாவி! அவனெல்லாம் ஒரு மனுஷனா? அவ என்ன பண்ணினா?"

"எடுத்துக் குடுத்தா."

"குடுத்தாளா? எடுத்துத் தலையில போட்டிருக்கணும்! இதையெல்லாமா டிவியில காட்டறான்?"

"இதெல்லாம் டிவியில காட்ட மாட்டாங்க," என்று சொல்லிவிட்டு மனைவி துணிகளை அலமாரியில் அடுக்கப் போனாள்.

மறுநாள் மதியம் பாட்டுக்காரர் சார்ஜர் கதையைக் கையையும் காலையும் ஆட்டிச் சொன்னார். "அய்யய்யோ!" என்று ரிசப்ஷன் பெண் நெஞ்சில் கைவைத்தாள். கணக்கு அக்கா மட்டும் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டாள்.

"இருங்க, இருங்க. நேத்து அப்படி ஒண்ணும் வரலையே! மாமியார் பூ ஜாடியை உடைச்சுட்டு நின்னா. மூத்தவ பாத்திரம் கழுவினா. அவ்வளவுதானே?"

பாட்டுக்காரருக்கு வேர்த்தது. மனைவி கடைசியாகச் சொன்னது நல்லவேளையாக நினைவுக்கு வந்தது.

"அதுதான் சங்கதி! டிவியில இதையெல்லாம் வெட்டிடறாங்க. அவ ஏன் பாத்திரத்தை அப்படிப் போட்டுத் தேய்ச்சான்னு நினைக்கிறீங்க? அதுக்கு முன்னாடி சார்ஜர் நடந்திருக்கு!"

"அதானே பார்த்தேன்! அவ தேய்ச்ச வேகத்தைப் பார்த்தப்பவே எனக்குச் சந்தேகம்," என்றாள் கணக்கு அக்கா. "வெட்டாத முழுக் கதை எங்க வருது சார்?"

"எங்க வீட்ல... வீட்ல அதைத்தான் பார்க்கிறாங்க."

இப்படி ஒரு வார்த்தையை விட்டதோடு அவர் நிம்மதி போயிற்று. அன்றிலிருந்து ஆபீஸில் யாருக்கும் வெட்டின கதை ருசிக்கவில்லை. காலையில் அவர் பையை வைப்பதற்குள் நாலு பேர் வந்து நின்றார்கள். மாலையானால் அவர் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போய் மனைவியின் எதிரே உட்கார்ந்தார். ரசிகர் குழுவில் பல் டாக்டர் எதிராளி இல்லாமல் தனக்குத்தானே பதில் போட்டுக்கொண்டிருந்தார்.

கதையும் லேசுப்பட்டதாக இல்லை. அந்தப் பெண் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். தங்கையின் காரிலேயே பழகி, லைசென்ஸும் வாங்கிவிட்டாள். புருஷன் இன்னும் அவள் பஸ்ஸில்தான் போகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தான். ஒருநாள் அவன் தெருவைக் கடக்கும்போது அவள் காரை நிறுத்தி வழிவிட்டாள். அவன் கையைத் தூக்கி நன்றி காட்டிவிட்டுப் போய்விட்டான்.

"கார்ல யார்னுகூடவா பார்க்க மாட்டான்?" என்று பாட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "அவனுக்கு அப்படி என்னதான் யோசனை? சீட்டாட்டமா?"

"அது மாதிரி ஏதோ ஒண்ணு," என்றாள் மனைவி.

ஆபீஸ் ரெண்டாகப் பிரிந்தது. புருஷன் கட்சிக்கு மெக்கானிக் அண்ணன் தலைவர்.

"அவனும் மனுஷன்தானேய்யா! நாள் பூரா நாலு பேர் கத்துறதைக் கேட்டுட்டு வர்றான். வீட்லயாவது காதுக்கு ஓய்வு வேணாமா?"

"காது என்ன லிஃப்ட் மோட்டாரா, அணைச்சு வச்சு ஓய்வு குடுக்க?" என்று பாட்டுக்காரர் பொரிந்து தள்ளினார். "பொண்டாட்டி பேசறதைக் கேக்காதவன் வீட்ல இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? மரக்கட்டை! மரக்கட்டைகூட எரிக்கவாவது உதவும்!"

கைதட்டல் மேலாளர் அறை வரைக்கும் கேட்டது.

விவகாரம் முற்றியது ஒரு மழை நாளில். ஒரு அலுவலகக் கட்டடத்தின் லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே ஒரே ஒரு பெண்மணி. போனில் அழுகைச் சத்தம்.

"எனக்கு மூச்சு முட்டுது சார்! நான் வெளியே வருவேனா?"

"பயப்படாதீங்கம்மா. மெக்கானிக் கிளம்பிட்டார். அதுவரைக்கும் என்கூடப் பேசிட்டே இருங்க. டிவி பார்ப்பீங்களா? 'பதினோராம் மாடி' தெரியுமா?"

"தெரியும்," என்று மூக்கை உறிஞ்சினாள் அந்த அம்மாள்.

"அதுல டிவியில வெட்டினதைச் சொல்றேன், கேளுங்க."

மெக்கானிக் அண்ணன் மழையில் நனைந்து போய்ச் சேர்ந்து, கதவைப் பிளந்து, "வாங்கம்மா" என்று கையை நீட்டினார். அந்த அம்மாள் போனைக் காதிலிருந்து எடுக்காமல், "கொஞ்சம் சும்மா இருப்பா, அவன் தெருவைத் தாண்டிட்டிருக்கான்," என்று அதட்டினாள். வெளியே வரவே இல்லை. மேலேயும் கீழேயும் மாடிப்படியில் மூச்சிரைக்க நின்றிருந்த கூட்டம் ஆபீஸுக்குப் போன் போட்டுக் கத்தியது.

மேலாளர் பாட்டுக்காரரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"இது ஆபீஸா, கதாகாலட்சேபமா? கதவைச் சாத்துங்க."

பாட்டுக்காரர் சாத்திவிட்டுக் கைகட்டி நின்றார்.

"உட்காருங்க. அந்தச் சார்ஜர் சமாச்சாரத்தை எனக்கு யாருமே ஒழுங்கா சொல்லலை. முதல்லேர்ந்து ஆரம்பிங்க," என்றார் மேலாளர்.

அந்த வாரம்தான் மனைவி கதையில் ஒரு பெரிய குண்டைத் தூக்கிப் போட்டாள். அந்தப் பெண் பாட்டும் கற்றுக்கொண்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மாலை முதல்முறையாக மேடை ஏறிப் பாடப்போகிறாள். புருஷனுக்குத் தெரியாது.

"ஏன், அவன்கிட்ட சொல்லலையா?"

"சொன்னா. அவன் காதுல விழுந்துதா இல்லையான்னு அவளுக்குத் தெரியலை."

"அப்ப அவன் போவானா, மாட்டானா?"

"அது ஞாயிற்றுக்கிழமைதான் தெரியும்."

ஆபீஸ் அல்லோலகல்லோலப்பட்டது. இது பாட்டு விஷயம் வேறு, பாட்டுக்காரரின் கோட்டை. அவள் துள்ளலாக ஒரு புதுப் பாட்டைப் பாட வேண்டும் என்றாள் ரிசப்ஷன் பெண். கல்லும் கரைகிற மாதிரி ஒரு பழைய பாட்டு என்றாள் கணக்கு அக்கா.

"ரெண்டும் இல்லை," என்றார் பாட்டுக்காரர். "முதல் மேடை. பயத்துல மூச்சு வாங்கும். ரொம்ப இழுக்கிற பாட்டும் ஆகாது, ஓடுற பாட்டும் ஆகாது. நடந்து போற மாதிரி ஒரு பாட்டு. பல்லவி முடிஞ்சதும் நிதானமா ஒரு மூச்சு எடுத்துக்கணும்."

அன்று மாலை அதையே வீட்டிலும் சொன்னார். மனைவி கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள்.

"சுருதியைக் கொஞ்சம் இறக்கிக்கலாமா?"

"எதுக்கு இறக்கணும்? நல்லா வாயைத் திறந்து தாராளமா பாடச் சொல்லு."

"யாரை?"

"அவளைத்தான்!"

"சரி, சொல்றேன்," என்றாள் மனைவி.

வெள்ளிக்கிழமை கணக்கு அக்கா ஒரு முடிவோடு வந்தாள். "பாட்டுக்காரரே, இதை நீங்க திங்கக்கிழமை வந்து சொல்றவரைக்கும் என்னால தாங்க முடியாது. ஞாயிறு சாயங்காலம் நாங்க எல்லாரும் உங்க வீட்டுக்கு வந்துடறோம். வெட்டாம, முழுசா, நேரடியா பார்த்துடணும்."

அது எதில் வருகிறது, எப்படிப் போடுவது என்று அவருக்கே தெரியாது.

"எங்க வீட்டு டிவி ரொம்பச் சின்னதுங்க."

"நாங்க பக்கத்துல உட்கார்ந்துக்கறோம்."

"நாற்காலி பத்தாதே!"

"நான் ஆபீஸ் வண்டியில எடுத்துட்டு வந்துடறேன்," என்றார் மெக்கானிக் அண்ணன்.

"வீட்ல அவங்களுக்கு உடம்பு கொஞ்சம்..."

"அய்யோ பாவம்! அப்ப கட்டாயம் வந்து பார்க்கணுமே," என்று மேலாளர் பின்னாலிருந்து சொன்னார். அவர் எப்போது வந்து நின்றார் என்று யாருக்கும் தெரியவில்லை.

வீட்டில் இந்தச் செய்தியை எப்படிச் சொல்வது என்று பாட்டுக்காரர் தவித்துத் தவித்து, ஞாயிறு காலையில்தான் வாயைத் திறந்தார்.

"இன்னிக்குச் சாயங்காலம் ஆபீஸ்லேர்ந்து வர்றாங்க. கதை பார்க்கணுமாம்."

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது போலிருந்தது. "வரட்டும். ஆனா எனக்குச் சாயங்காலம் வெளியில வேலை இருக்கு. உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கேன்."

"ம்," என்றார் பாட்டுக்காரர். நாற்காலிகளை எங்கே போடுவது என்ற கவலை அவருக்கு.

மாலையில் படை வந்திறங்கியது. மெக்கானிக் அண்ணன் நாற்காலிகளோடு, கணக்கு அக்கா பிஸ்கட்டோடு, ரிசப்ஷன் பெண் கைக்குட்டையோடு, மேலாளர் நோயாளிக்காக ஒரு கூடைப் பழத்தோடு. மனைவி எல்லாருக்கும் காபி கொடுத்தாள். 'உடம்பு தேவலையாம்மா?' என்று மேலாளர் கேட்டதற்கு, தன் உடம்புக்கு என்ன என்பது போலக் கணவனைப் பார்த்துவிட்டு, தயாராக வேண்டும் என்று உள்ளே போய்விட்டாள்.

பாட்டுக்காரர் ரிமோட்டை எடுத்து அமுக்கினார். டிவி இருண்டு கிடந்தது. இன்னும் ஓங்கி அமுக்கினார். பேட்டரியை மாற்றினார். சுவிட்சைத் தட்டினார். டிவியின் தலையில் ரெண்டு போடு போட்டார்.

"விடுங்க, நான் பார்க்கிறேன்," என்று மெக்கானிக் அண்ணன் ஸ்குரூ டிரைவரோடு பின்பக்கம் போனார். திறந்து பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தார். "இது உள்ள கருகிப்போய்க் கிடக்கேய்யா! தூசு படிஞ்சிருக்கிறதைப் பார்த்தா போய் ரொம்ப காலம் ஆயிருக்கும் போலிருக்கே."

"சும்மா இருங்க! தினம் இதுலதானே..." பாட்டுக்காரர் அறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏம்மா! டிவி என்ன ஆச்சு?"

"அது இடி விழுந்த அன்னிக்கே போயிடுச்சு," என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. "நான் சொன்னப்ப 'ம்'னீங்களே."

மெக்கானிக் அண்ணன் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"அப்ப... அப்ப நீ தினமும் எதுல பார்த்தே?"

"நான் எதையும் பார்த்தேன்னு சொல்லலையே. கதை சொல்லுன்னீங்க. சொன்னேன்."

கணக்கு அக்கா கையிலிருந்த பிஸ்கட் காபியில் விழுந்து மூழ்கியது. "அப்ப சார்ஜர்? கார்? எல்லாம் சும்மாவா? நான் மூணு நாள் அழுதேனே!"

"என்ன கற்பனை! என்ன கற்பனை!" மேலாளர் மட்டும் மெய்மறந்து தலையை ஆட்டினார். "அப்படியே நேர்ல பார்த்த மாதிரியே சொல்லியிருக்காங்களே!"

பாட்டுக்காரருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நாளை முதல் மறுபடியும் அதே மூலை, அதே ரொட்டி. ரிமோட்டைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார்.

அப்போது வாசல் மணி அடித்தது. மனைவியின் தங்கை பரபரப்பாக உள்ளே நுழைந்தாள். கூடம் நிறையப் புது முகங்களைப் பார்த்ததும் தயங்கி நின்றாள்.

"அக்கா இருக்காங்களா? கூட்டிட்டுப் போகலாம்னு வந்தேன். நீங்கல்லாம்...?"

"நாங்க சாரோட ஆபீஸ்மா," என்றாள் கணக்கு அக்கா. "ஒரு கதையை நம்பி வந்து ஏமாந்து உட்கார்ந்திருக்கோம். அதுல ஒரு பொண்ணு இன்னிக்கு மேடையில பாடப்போறா. பொண்டாட்டி என்ன சொன்னாலும் காதுல வாங்காத ஒரு மரக்கட்டை அவ புருஷன். அவன் வருவானா மாட்டானான்னு தெரியாம எங்களுக்குச் சாப்பாடே இறங்கலை. இப்ப என்னடான்னா அப்படி ஒரு பொண்ணே கிடையாதாம்!"

தங்கை கணக்கு அக்காவைப் பார்த்தாள். பழக்கூடையைப் பார்த்தாள். பிரித்துப் போட்டிருந்த டிவியைப் பார்த்தாள். அறைக் கதவிடுக்கு வழியே உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"யார் கிடையாதுன்னது? அவ உள்ள தலை வாரிட்டிருக்கா. புருஷன் வருவாரா மாட்டாரான்னு அவளுக்கே இன்னும் தெரியாதுங்க; அதோ ரிமோட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரே எங்க மாமா, அவரையே கேட்டுடுங்க!"